வயலெலிகளை இனமறிதலும் அடக்குதலும்

யாழ்ப்பாணக் குடாநாட்டிலே மழையை நம்பி விதைக்கப்படும் காலபோக நெல்லும், கிணற்று நீரை இறைத்து வளர்க்கப்படும் வெங்காயம், மரவள்ளி, உருளைக்கிழங்கு முதலிய தோட்டப் பயிர்களும் எலிகளால் அழிவுறுதல் ஆண்டுதோறும் காணப்படுவதொன்றாகும். விதைத்த நாள் முதற் களஞ்சியத்திற் சேர்க்கும் நாள் வரையும் எலி பயிரைத் தொடர்ந்து வருகின்றது. பூச்சியும் பூஞ்சணமும் பயிரை மாத்திரமே தாக்குவன. எலியோ பயிரை அழிப்பதோடு நோயைப் பரப்பிக் கமக்காரனின் உயிருக்கும் இடர் விளைக்கின்றது.

எலி என்னும் ஒரே சொல்லால் நாம் அழைத்தாலும், எமது வயல்களிலும் தோட்டங்களிலும் வாழும் எலிகள் ஓரினத்தைச் சேர்ந்தவையல்ல. அவற்றின் வளை வேறு, உணவு வேறு, வழக்கம் வேறு. ஓரினத்தை அடக்கும் முறை மற்றோரினத்திடம் பயன் தராது. நோய் இன்னதென அறியாது மருந்து கொடுத்தல் எத்தகையதோ, எலி இன்னதென அறியாது பொறி வைத்தலும் நஞ்சிடுதலும் அத்தகையனவே. ஆதலின் முதலில் எலிகளை இனமறியும் முறையையும், பின்னர் அவற்றை அடக்கும் காலத்தையும் வழியையும் இப்பிரசுரம் கூறும்.

1. விலங்கியலார் வகுக்கும் முறை

ஒரு கடிதம் உரியவரைச் சென்றடைதற்கு நாடு, மாகாணம், மாவட்டம், கிராமம், வளவு என ஒன்றனுள் ஒன்றாக முகவரி எழுதுகின்றோம். விலங்கியலாரும் ஒவ்வோர் உயிருக்கும் இவ்வாறே ஒரு முகவரி வகுத்துள்ளனர். இராச்சியம், கணம், வகுப்பு, வருணம், குடும்பம், சாதி, இனம் என்பன அம்முகவரியின் படிகளாம். இம்முறையில் விலங்குகளுக்கு இரு சொற் பெயர் வழங்கும் வழக்கம், சுவீடன் தேசத்து அறிஞராகிய இலின்னேயசு 1758ஆம் ஆண்டில் வெளியிட்ட நூற்பதிப்பிலிருந்து கணக்கிடப்படுகின்றது. முதற்சொல் சாதியையும் இரண்டாஞ்சொல் இனத்தையும் குறிக்கும்.

எலிகள் முலையூட்டிகள் என்னும் வகுப்பினுள் கொறியுயிர்கள் என்னும் வருணத்தைச் சேர்ந்தவை. இவ்வருணத்தின் அடையாளம் பல்லிலே உள்ளது. மேற்றாடையிலும் கீழ்த்தாடையிலும் உளி போன்ற வெட்டும் பற்கள் இவ்விரண்டு உண்டு. அவை உயிருள்ளவரை வளர்ந்துகொண்டேயிருக்கும். அப்பற்களின் முன்பக்கத்தில் மாத்திரம் கடினமான மிளிரி அமைந்திருப்பதால், கடிக்குந்தோறும் பின்பக்கம் தேய்ந்து பல் கூர்மையடைகின்றது. எலி பசியில்லாத வேளையிலும் மரத்தையும் சாக்கையும் நீர்க்குழாயையும் கொறிப்பதற்குக் காரணம் இதுவே. கோரைப் பற்கள் இல்லாமையால் வெட்டும் பல்லுக்கும் அரைக்கும் பல்லுக்கும் இடையே வெளியொன்று காணப்படும்.

உலகிலுள்ள முலையூட்டி இனங்களுள் ஏறக்குறைய நூற்றுக்கு நாற்பது கொறியுயிர்களாகும். அணிலும் முள்ளம்பன்றியும் இவ்வருணத்தினவே. முயலும் முன்னர் இவற்றோடு சேர்த்தெண்ணப்பட்டது. அதன் மேற்றாடையில் வெட்டும் பற்களின் பின்னே சிறிய பற்கள் வேறிரண்டு இருத்தலாலும் பிற வேறுபாடுகளாலும், 1912ஆம் ஆண்டில் அது தனி வருணமாகப் பிரிக்கப்பட்டது.

2. வோல் என்பது எமது வயலெலியன்று

மேனாட்டுக் கமத்தொழில் நூல்களில் வோல் என்னும் பிராணியைப் பற்றிய குறிப்புகள் மிகுதியாக உள்ளன. தமிழில் அதனை வயலெலி என மொழிபெயர்ப்பாருமுளர். இதனால் மயக்கம் நேர்தல் கூடும். வோல்கள் ஐரோப்பா, வட ஆசியா, வட அமெரிக்கா ஆகிய குளிர்ந்த நாடுகளில் வாழ்பவை. இந்தியாவில் அவை இமயமலைப் பிரதேசத்திலேயே காணப்படுகின்றன. இலங்கையில் ஒரு வோலினமும் இல்லை.

வோலின் முகம் மழுங்கியது, செவி மயிரினுள் மறைந்தது, வால் குறுகியது. அதன் அரைக்கும் பல்லின் மேற்பரப்பு தட்டையாகி, முக்கோணங்களைக் கோத்ததுபோன்ற வளைகோடுகளை உடையது. புல்லை அரைத்துண்ண ஏற்ற பல் அது. எமது எலியின் அரைக்கும் பல்லிலே குமிழ்கள் வரிசையாக அமைந்துள்ளன. தானியம், கிழங்கு, பூச்சி யாவற்றையும் உண்ண அது உதவும். ஆதலின் வோல் கிரிசெற்றிடே என்னும் குடும்பத்திலும், எமது எலிகள் மியூரிடே என்னும் குடும்பத்திலும் வைக்கப்பட்டுள்ளன.

இம்மயக்கம் அறிஞருக்கும் நேர்ந்ததுண்டு. எமது வயலிலே பெருஞ்சேதம் விளைக்கும் அகழானுக்கு, பிரித்தானிய அரும்பொருட்சாலையிற் பணியாற்றிய யோன் எட்வேட் கிரே என்பார் 1830களில் முதன்முதலாக விஞ்ஞானப் பெயரிட்டபோது, ஆவிக்கோலா என்னும் வோற் சாதியிலேயே அதனைச் சேர்த்தனர். தடித்த உடலும் மழுங்கிய முகமும் அவ்வாறு எண்ணச் செய்திருத்தல் கூடும். பின்னர் அது பண்டிக்கோட்டா என்னும் சாதிக்கு மாற்றப்பட்டது. பன்றியெலி எனப் பொருள்படும் பந்திகொக்கு என்னும் தெலுங்குச் சொல்லிலிருந்து பிறந்த பெயர் அது. வோலுக்கெனக் குளிர்நாடுகளிற் கூறப்படும் முறைகளை இங்கே அப்படியே கைக்கொள்ளலாகாது என்பதே நாம் இதனாற் கொள்ளத்தக்க பாடமாகும்.

3. குடாநாட்டுக் கமக்காரர் அறியவேண்டிய எலிகள்

(அ) அகழான். விஞ்ஞானப் பெயர் பண்டிக்கோட்டா பெங்காலென்சிசு. வளர்ந்தது ஏறக்குறைய கால் கிலோகிராம் நிறையுடையது. மயிர் கருங்கபில நிறமாய் முரடாயிருக்கும். வால் உடலிலுங் குறுகியது. சினந்தால் மயிரைச் சிலிர்த்து உறுமும். வரம்பிலும் மேட்டு நிலத்திலும் வளை தோண்டி, வாயிலின் முன்னே புதுமண்ணைக் குவிக்கும். உள்ளே சென்றபின் வாயிலை மண்ணால் அடைத்துக்கொள்ளும். கதிர்களை வெட்டி வளையினுள்ளே சேமித்து வைக்கும். நன்கு நீந்தவல்லது. பெரும்பாலும் ஒரு வளையில் வளர்ந்த எலி ஒன்றே இருக்கும். குட்டியீன்ற காலத்திலே தாயும் குட்டிகளும் இருக்கும்.

(ஆ) வெள்ளெலி. தற்றேரா இந்திக்கா எனப்படும். மணல் நிறமான முதுகும் வெண்மையான வயிறும் பெரிய கண்களும் உடையது. வால் உடலினும் நீண்டு, நுனியிலே கரிய மயிர்க்குஞ்சம் உள்ளது. பின்னங்கால்கள் நீண்டிருத்தலால் தாவிச் செல்லும். நீர் தேங்காத மணற்றறைகளிலே பல வாயில்களையுடைய வளை அமைக்கும். மேற்பரப்புக்கு அண்மைவரை தோண்டி விடப்பட்ட கள்ளவழிகளும் உண்டு. ஆபத்து நேர்ந்தால் மெல்லிய மண்ணை உடைத்துக்கொண்டு அவ்வழியே தப்பியோடும்.

(இ) மென்மயிர் எலி. மில்லாடியா மெல்தாடா எனப்படும். தமிழ்நாட்டிற் புல்லெலி என்பர். அகழானிலும் மிகச் சிறியது, மயிர் பட்டுப்போன்றது. ஆழமாகத் தோண்டும் வழக்கம் இதற்கில்லை. நில வெடிப்பு, கற்குவியல், வேலியடி, பிற விலங்குகள் கைவிட்ட வளை என்பனவற்றிலே தங்கும். தோட்டத்திலிருந்து பொறுக்கி ஓரத்திற் குவித்துள்ள சுண்ணக்கற்கள் இதற்கு ஏற்ற இருப்பிடமாகும்.

(ஈ) வயற் சுண்டெலி. மசு பூடுகா எனப்படும். நிறை ஏறக்குறைய பத்துக் கிராம். வரம்பிலே விரல் நுழையத்தக்க சிறு வளை அமைக்கும். விதைத்த நெல்லையும் முளையையும் பொறுக்கித் தின்னும்.

(உ) பெருச்சாளியும் கூரையெலியும். பெருச்சாளி, பண்டிக்கோட்டா இந்திக்கா. ஒரு கிலோகிராம் வரையும் வளரும். வீட்டு வளவு, கிணற்றடி, எருக்குழி என்பனவற்றை அடுத்து வாழ்ந்து மரவள்ளியையும் பிற கிழங்குகளையும் தோண்டும். கூரையெலி, இராற்றசு இராற்றசு. மெலிந்த உடலும் உடலினும் நீண்ட வாலும் உடையது. தென்னையிலும் பனையிலும் கூரையிலும் ஏறிக் குரும்பையையும் களஞ்சிய நெல்லையும் அழிக்கும்.

மூஞ்சூறு எலியன்று. கூரிய நீண்ட மூக்கும் சிறிய கண்களும் கடு நாற்றமும் உடைய அப்பிராணி கொறியுயிர் வருணத்தையே சேர்ந்ததன்று. பூச்சியும் புழுவும் அதன் முதன்மையான உணவு. பொறியில் மூஞ்சூறு அகப்பட்டதைக் கண்டு எலி ஒழிந்ததென எண்ணுதல் தவறாகும்.

4. சேதத்தை அறியும் வழி

எலி நெற்றண்டை நிலத்துக்குச் சற்று மேலே சரிவாக வெட்டும். வெட்டிய தண்டின் துண்டுகள் அடியிலே கிடக்கும். தண்டு துளைப்பான் புழு தாக்கிய பயிரிலே கதிர் வெண்ணிறமாகி நிமிர்ந்து நிற்கும். பிடித்து இழுத்தால் எளிதிற் கையோடு வரும். இரண்டையும் வேறு பிரித்தறியாது பூச்சிகொல்லி தெளிப்பது வீண் செலவாகும்.

எலி பெரும்பாலும் வயலின் ஓரத்தை விட்டு நடுப்பகுதியையே முதலில் வெட்டும். பருந்து, நாய் முதலியவற்றின் கண்ணுக்குத் தப்புதற்கு நெருங்கிய பயிர் அதற்கு மறைவாகின்றது. வரம்பில் நின்று பார்ப்பவனுக்கு வயல் முழுமையாகத் தோன்றும். அறுவடையன்றே நடுவிலுள்ள வெற்றிடம் தெரியவரும். ஆகையாற் பயிர் மட்டம் வெடிக்கும் பருவந்தொட்டு வாரத்திற்கு ஒருமுறையாயினும் வயலினுள்ளே இறங்கிப் பார்த்தல் வேண்டும்.

5. வளையைச் சோதித்தல்

கண்ணிற்பட்ட வளைகள் யாவற்றிலும் எலி இருப்பதில்லை. வெள்ளெலி, சுண்டெலி ஆகியவற்றின் திறந்த வளைகளை மாலையிலே மண்ணால் அடைத்துவிடுக. மறுநாட் காலையிற் திறந்து காணப்படுவன எலி வாழும் வளைகளாம்.

அகழானுக்கு இம்முறை மாறுபடும். அது தானே வாயிலை அடைத்துக்கொள்வதால், அடைபட்ட வாயிலை எலியில்லாத வளையென எண்ணி விட்டுச் செல்வோர் பலர். அகழானின் வளையை மாலையிலே திறந்துவிடுதல் வேண்டும். மறுநாட் காலையில் அது மீண்டும் அடைக்கப்பட்டிருப்பின் எலி உள்ளே உளதென்பது திண்ணம். இனமறிதலின் பயன் இவ்வொன்றாலேயே விளங்கும்.

6. எலியை அடக்கத்தக்க காலம்

அகழானின் கருப்ப காலம் ஏறக்குறைய 23 நாட்கள். ஓரீற்றில் ஏழு குட்டிகள் எனக் கொள்வோம். நெற்பயிர் குடலைப் பருவம் அடைந்து கதிர் ஈனும்போது உணவு பெருகுதலால் எலியும் இனம் பெருக்கும். கார்த்திகை முற்பகுதியில் ஒரு வயற்றொகுதியிலே பத்துப் பெண்ணெலிகள் இருந்து, அறுவடைக்குமுன் ஒவ்வொன்றும் இருமுறை ஈனுமாயின், 140 குட்டிகள் பிறக்கும். பத்து எலிகளைப் பிடிக்கும் உழைப்பை அன்று செய்யாதவன், தை மாதத்தில் 150 எலிகளோடு போராட நேரிடும். கதிர் வெட்டப்பட்டதைக் கண்டபின் தொடங்கும் எலியொழிப்பு, வெள்ளம் வந்தபின் அணை கட்டுதலை ஒக்கும்.

எமது குடாநாட்டிற்கு மூன்று காலங்கள் ஏற்றவை.

முதலாவது, விதைப்புக்கு முந்திய ஆவணி, புரட்டாதி மாதங்கள். அப்பொழுது வயல் தரிசாயிருக்க, எலிகள் இறைப்புத் தோட்டங்களிலும் வேலியடிகளிலும் ஒதுங்கியிருக்கும். வரம்பைச் செதுக்கிப் புல்லையும் பற்றையையும் அகற்றுதற்கு இதுவே தருணம்.

இரண்டாவது, மழைநீர் வயலில் நிற்கும் ஐப்பசிப் பிற்பகுதியும் கார்த்திகை முற்பகுதியும். நீர் நிறைந்தவுடன் எலிகள் வரம்பிலும் மேட்டிலும் நெருங்கிச் சேரும். பயிர் குடலைப் பருவம் அடைதற்கு முன்னதாகிய இந்நாட்களில் வளைகளை வெட்டிப் பிடிப்பது மிகுந்த பயன் தரும்.

மூன்றாவது, அறுவடை முடிந்த மாசி, பங்குனி மாதங்கள். நெல் அறுத்தபின் எலிகள் வயலை விட்டு அண்மையிலுள்ள தோட்டங்களிற் புகும். நெல் வயலில் விட்டுவைத்த எலி அயலானின் உருளைக்கிழங்கைத் தின்னும். தோட்டத்தில் விட்டுவைத்த எலி அடுத்த காலபோகத்தில் வயலுக்குத் திரும்பும். எனவே நெற்செய்கையாளரும் தோட்டச் செய்கையாளரும் இதில் ஒரே கடமையுடையவர்.

7. அடக்கும் முறைகள்

கூட்டு முயற்சி: ஒருவர் தமது வயலை மாத்திரம் துப்புரவாக்கினால், சில நாட்களில் அயல் வயலின் எலிகள் அங்கே குடியேறும். கமக்காரர் அமைப்பின் மூலம் ஒரு வயல்வெளி முழுவதற்கும் ஒரு நாள் குறித்து, அனைவரும் சேர்ந்து தொழிற்படுதல் வேண்டும். ஒரு வெளியிலுள்ளோர் இரு கிழமைக்குள் விதைத்து முடித்தலும் நன்று. முன்பின்னாக விதைத்தால் எலிக்குக் கதிருணவு நீண்டகாலம் கிடைக்கும்.

வரம்பு: ஓரடிக்கு மேற் பருத்த வரம்பு அகழானுக்கு வீடாகும். வரம்பின் அகலத்தையும் உயரத்தையும் ஓரடிக்குள் அடக்குக. கற்குவியல்களை அகற்றுதல் மென்மயிர் எலிக்கு ஏற்ற தனிமுறையாகும். அதனிடம் மண்வெட்டியாற் பயன் சிறிதே.

வெட்டுதலும் புகையூட்டுதலும்: வைக்கோற் புகையை வளையினுள்ளே செலுத்தமுன் மற்றை வாயில்கள் யாவற்றையும் மண்ணால் அடைத்தல் வேண்டும். வெள்ளெலியின் கள்ளவழிகளைக் காணுதல் அரிதாகையால், சுற்றிலும் ஆட்களை நிறுத்தியே புகையூட்டுக. வளையினுள்ளே பாம்பு இருத்தலுங் கூடுமாகையாற் கையை உள்ளே விடலாகாது.

பொறி: பொறியை எலி ஓடும் தடத்திலே வைத்தல் வேண்டும். தேங்காய்ச் சொட்டும் கருவாடும் நல்ல இரைகள். முதலிரு நாட்கள் பொறியைக் கட்டாமல் இரையை மாத்திரம் வைத்துப் பழக்கினால் எலியின் அச்சம் நீங்கும்.

நஞ்சு: ஒரே இரவிற் கொல்லும் கடுநஞ்சைச் சிறிதளவு தின்று பிழைத்த எலி, பின்னர் அவ்விரையை அணுகாது. குருதி உறைதலைத் தடுக்கும் நஞ்சுகளோ சில நாட்கள் கழித்தே கொல்வதால் எலிக்கு ஐயம் உண்டாவதில்லை. அகழான் இரையை வளைக்குக் கொண்டுசென்று சேமிக்கும் இயல்புடையது. ஆகையால் அதற்குரிய இரையை எலி வாழும் வளையின் உள்ளேயே இட்டு மூடுதல் சிறந்தது. பதிவு செய்யப்பட்ட நஞ்சையே வாங்கிச் சிட்டையிற் கூறியவாறு பயன்படுத்துக. நாகப்பொசுபைட்டு என்னும் கடுநஞ்சுக்கு மாற்று மருந்து இல்லை. சிறுவர், ஆடு, மாடு, கோழி அணுகாவண்ணம் காத்தல் நஞ்சிடுவோரின் பொறுப்பாகும்.

மின்கம்பி: வயலைச் சுற்றி மின்சாரம் பாய்ச்சிய கம்பி கட்டுதலை முற்றாகத் தவிர்க்குக. இலங்கையிலே இதனால் மனித உயிர்கள் பல அழிந்துள்ளன. இருளில் நீர் பார்க்க வருபவர் உம் வீட்டவராகவும் இருத்தல் கூடும்.

இயற்கை நண்பர்: சாரைப்பாம்பு நஞ்சற்றது, வளையினுள்ளேயே சென்று எலியை உண்பது. கூகை இரவு முழுவதும் எலி வேட்டையாடும். அதன் குரலை அபசகுனமென எண்ணிக் கல்லெறிதல், சம்பளமின்றிக் காவல் செய்வோனைத் துரத்துதலாகும். வயலிலே ஆளுயரத்திற்கு மேற்பட்ட கம்பங்களை நட்டுக் குறுக்குத்தடி பொருத்தினாற் கூகைகள் வந்து தங்கும்.

8. எலிக்காய்ச்சல்

எலியின் சிறுநீரோடு வெளிவரும் ஒருவகைப் பற்றீரியா, சேற்றிலும் தேங்கிய நீரிலும் உயிரோடிருந்து, மனிதரின் காலிலுள்ள வெடிப்பு, காயம் என்பவற்றின் வழியே உட்புகுந்து எலிக்காய்ச்சலை உண்டாக்கும். 2008ஆம் ஆண்டில் இலங்கை முழுவதிலும் 7000க்கு மேற்பட்டோர் இந்நோயால் ஐயுறப்பட்டு, 200க்கு மேற்பட்டோர் மாண்டனர். 2024ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் வெள்ளம் ஏற்பட்டதை அடுத்து, டிசெம்பரில் யாழ்ப்பாண மாவட்டத்தின் வடமராட்சி முதலிய பகுதிகளிலும் இக்காய்ச்சல் பரவி உயிரிழப்புகள் நேர்ந்தன. எலிகள் வரம்பிலே நெருங்குவதும் கமக்காரர் சேற்றிலே இறங்குவதும் ஒரே மழைக்காலத்தில் நிகழ்வதே இதற்குக் காரணம்.

காய்ச்சல், கடுந்தலையிடி, கெண்டைக்கால் தசையில் நோவு, கண் சிவத்தல், சிறுநீர் குறைதல் என்பன இதன் குறிகள். வயலில் இறங்கியபின் ஒரு மாதத்துக்குள் காய்ச்சல் கண்டால், கைவைத்தியத்தில் நாட்போக்காது உடனே அரசாங்க வைத்தியசாலையை நாடுக. வயலில் வேலை செய்தமையை வைத்தியரிடம் தவறாது கூறுக. தொடக்கத்திலேயே சிகிச்சை பெற்றால் இந்நோய் குணமாகும். வயல் வேலைக்காலத்தில் உட்கொள்ளத்தக்க தடுப்பு மாத்திரையைப் பற்றிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் அறிந்துகொள்க. காயத்தை மூடிக் கட்டாது சேற்றில் இறங்கலாகாது. இறந்த எலியை வெறுங்கையால் தொடாது ஆழமாகப் புதைத்து, கைகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவுக.

9. நினைவிற் கொள்ளவேண்டியவை

1. நஞ்சும் பொறியும் வாங்குமுன், வளையையும் வாலையும் நோக்கி எலியின் இனத்தை அறிக.

2. அகழானின் வளையைத் திறந்து சோதிக்க. ஏனையவற்றின் வளையை அடைத்துச் சோதிக்க.

3. குடலைப் பருவத்துக்கு முன்னரே எலியொழிப்பை முடிக்க.

4. வயலும் தோட்டமும் ஒருங்கே, வெளி முழுவதும் ஒரே நாளிற் தொழிற்படுக.

5. சாரையையும் கூகையையும் கொல்லற்க, மின்கம்பி கட்டற்க.

6. மழைக்காலக் காய்ச்சலை அசட்டை செய்யற்க.

மேலதிக ஆலோசனை வேண்டுவோர் தமது பகுதி விவசாயப் போதனாசிரியரை அணுகுக. வளையிலிருந்து பிடித்த எலியை இன்னதென அறிய இயலாவிடின், அதன் வாலின் நீளத்தையும் நிறத்தையும், வளையின் வாய் திறந்திருந்ததா அடைபட்டிருந்ததா என்பதையும் குறித்து வந்து தெரிவித்தல் போதுமானது.